எதிர்க் கட்டடத்து விளக்கு

மேல் பள்ளத்தாக்கின் பதினான்காம் கட்டடத்தில் விளக்கு எரிகிறது என்று முதலில் சொன்னவர் பேருந்து ஓட்டும் ஒகுதா. நகராட்சி அலுவலகத்து ஹீட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, பனி ஒட்டிய கையுறையைக் கழற்றாமலே விஷயத்தை ஆரம்பித்தார்.

“குதோ-சான், அந்தக் கட்டடத்துல யாரையாவது மறுபடியும் குடி வச்சிருக்கீங்களா?”

“பதினாலுலயா? அது காலியாகி ரெண்டு மாசம் ஆச்சே. கரண்டையே வெட்டியாச்சு.”

“அப்ப நான் பாத்தது என்ன? மூணாவது மாடி. வண்டியைத் திருப்புறப்ப ஜன்னல்ல மஞ்சளா வெளிச்சம். நேத்தும் எரிஞ்சுது, முந்தாநாளும் எரிஞ்சுது. வண்டிக்குள்ள ஒரு ஈ காக்கா கிடையாது. நானும் அந்த வெளிச்சமும்தான். நாளையிலேர்ந்து கோயில் முனையிலயே வண்டியைத் திருப்பிட்டு ஓடிவந்துடலாமான்னு பாக்குறேன்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். குதோ இசாகோ சிரிக்கவில்லை. பதினான்காம் கட்டடத்தின் மூன்றாவது மாடியில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள்.

இசாகோவுக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. ஹொரோசவா நகராட்சியில் குடியிருப்புப் பிரிவு அவள் வேலை. ஜப்பானின் வடக்கே, ஹொக்கைதோவில் நிலக்கரி ஓடிய காலத்தில் எங்கள் ஊரில் லட்சம் பேர் இருந்தார்கள். திருவிழா அன்றைக்குக் கடைத்தெருவில் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொள்ளாமல் நடக்க முடியாது என்பார்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஆட்களை இழுக்கலாம் என்று நகராட்சி கடன் வாங்கி ராட்டினமும் ஹோட்டலும் பனிச்சறுக்கு மைதானமும் கட்டியது. ஒருவரும் வரவில்லை; ஊர் திவாலானதுதான் மிச்சம். நூலகத்தைப் பூட்டினார்கள். ஆஸ்பத்திரியின் மேல்மாடிகளைப் பூட்டினார்கள். பள்ளிக்கூடங்களைச் சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் ஒன்று நின்றது. கடக்க ஆள் இல்லாத சந்திகளில் போக்குவரத்து விளக்குகளையும் அணைத்தார்கள். ஒரே வசந்தத்தில் அலுவலகத்தில் பாதிப் பேர் வேலையை விட்டுப் போனார்கள். போனவர்களின் வேலை இருந்தவர்களின் தலையில் விழுந்தது.

இசாகோவின் தலையில் விழுந்தது, மேலே இருப்பவர்களைக் கீழே இறக்குகிற வேலை. சுரங்கத் தொழிலாளிகளுக்காகப் பள்ளத்தாக்கு நெடுகக் கட்டிய நான்கு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவரோ இருவரோ. அந்த ஒருவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வர மலைப்பாதைக் குழாய் முழுவதையும் உறையாமல் காக்க வேண்டும். அந்த ஒருவர் வெளியே வர, விடியுமுன் பனி தள்ளும் வண்டி மேலே ஏற வேண்டும். அதனால் எல்லோரையும் ரயில் நிலையத்துப் பக்கம் கட்டிய சின்ன மர வீடுகளுக்குக் கொண்டுவர முடிவானது.

முதல் தடவை போகும்போது இசாகோ சம்மதக் காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டாள். வாசல் பனியை வாரிப்போடுவாள். அவர்கள் வைத்த ஊறுகாயைத் தின்பாள். மகன் ஃபோன் பண்ணாத கதையைக் கேட்பாள். மூன்றாவது, நான்காவது தடவை அவர்களே, “சரி, அந்தக் காகிதத்தை எடு, உன் முகத்தைப் பாக்க முடியல” என்பார்கள். கணவன் துறைமுக ஊரில் வேலை கிடைத்துப் போனபோதுகூட, அம்மாவை விட்டு வர மாட்டேன் என்று இவள் இங்கேயே நின்றுவிட்டாள். அவன் முதலில் மாதம் ஒருமுறை வந்தான், பிறகு வருஷம் ஒருமுறை, பிறகு வரவில்லை. ஊரிலேயே நின்றவள் கேட்கிறாள் என்பதால்தான் பலர் இறங்கினார்கள்.

பதினான்காம் கட்டடத்தில் கடைசியாக இருந்தவள் சுகினோ கிகுயே. ஒரு காலத்தில் சுரங்கத்து ஆட்களுக்குச் சாராயக்கடை நடத்தியவள். எண்பது வயதிலும் வாய் மட்டும் குறையவில்லை. இசாகோவைப் படியில் பார்த்ததுமே சத்தம் போடுவாள்.

“வந்துட்டாப்பா! பாயைச் சுருட்டுற மாதிரி ஊரையே சுருட்டுறவ வந்துட்டா!”

“சுருட்டலேன்னா பாய் நனைஞ்சு போயிடும் பெரியம்மா.”

“வாய் மட்டும் உங்கம்மாவுக்கு நேர் எதிர். அவ பேசவே மாட்டா.”

இலையுதிர் காலத்தில் ஒருவழியாக கிகுயே சம்மதித்தாள். சாமான் ஏற்றிய வண்டி கீழே உறுமிக்கொண்டிருந்தபோது ஒன்று நடந்தது. குடிபோகிறவர்கள் அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டிச் சொல்லிக்கொண்டு போவது மேல் பள்ளத்தாக்கு வழக்கம். கிகுயே தன் வீட்டைப் பூட்டினாள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு அது. “ரொம்ப நாள் உபத்திரவம் குடுத்துட்டேன். போயிட்டு வர்றேன்” என்று குனிந்து வணங்கினாள். அடுத்த கதவு. அடுத்த மாடி. முழங்கால் வலியோடு கம்பியைப் பிடித்துப் பிடித்து நான்கு மாடியும் ஏறினாள். கையில் பெட்டியோடு பின்னாலேயே போன இசாகோ, ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் கிகுயே கொஞ்சம் காத்திருப்பதைக் கவனித்தாள். மூன்றாவது மாடியில் குதோ வீட்டுக் கதவு வந்தபோது, பின்னால் நிற்பவளைத் திரும்பிப் பார்க்காமல் அதையும் தட்டினாள். “ஃபுமி-சான், நான் போறேன்டி” என்றாள். இசாகோவின் அம்மா ஃபுமி, சப்போரோ ஆஸ்பத்திரியில் செத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

அதன்பிறகு மேல் பள்ளத்தாக்கு முழுவதுக்கும் ஒரே ஒருவர்தான் மிச்சம். பதினேழாம் கட்டடத்தின் சென்பா ரொக்குரோ. எண்பத்தெட்டு வயது. சுரங்க மீட்புப் படையில் இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம். கீழே வாருங்கள் என்றால், “இங்கேர்ந்து கீழ போறதுன்னா எனக்கு ஒரு வழிதான் தெரியும். அந்தக் குழியை மூடிட்டாங்களே” என்று சிரிப்பார். சாயங்காலம் ஐந்து மணிக்கு நகராட்சி ஒலிபெருக்கியில் வீடு திரும்பச் சொல்லும் பாட்டு வரும். விளையாடும் பிள்ளைகளுக்காக வைத்தது அது. மேலே இருந்த ஒலிபெருக்கிகளை யாரும் நிறுத்தவில்லை. ஆளில்லாத கட்டடங்களில் பட்டு அந்தப் பாட்டு இரண்டு மூன்றாகத் திரும்பி வரும்.

ஒகுதா சொன்ன மறுநாள் இசாகோ மேலே போனாள். மணி நாலு. டிசம்பரில் எங்கள் ஊரில் நாலு மணிக்கே வெளிச்சம் செத்துவிடும். பேருந்திலிருந்து இறங்கியதும் அண்ணாந்து பார்த்தாள். எரிந்தது. அவள் வீட்டுச் சமையல் ஜன்னல்தான்.

பனியில் நரித்தடம் குறுக்கும் நெடுக்குமாக இருந்தது. அதற்கு நடுவே மனிதக் கால் நடந்து நடந்து இறுகிய ஒற்றையடிப் பாதை ஒன்று. படிக்கட்டில் தபால் பெட்டிகளின் வாயையெல்லாம் நாடாவால் ஒட்டியிருந்தது, ஒட்டியவளே அவள்தான். மூன்றாவது மாடிக் கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே பாய்கள் இல்லாமல் பலகைத் தரை. ஜன்னல் கம்பியில் ஒரு பேட்டரி விளக்கு தொங்கியது. அவ்வளவுதான். அந்த விளக்குக்குக் கீழே, துருப்பிடித்த குழாய்க்குப் பக்கத்தில், அம்மா நிற்கிற இடம் அப்படியே காலியாக இருந்தது.

அப்போது கீழே காலடிச் சத்தம் கேட்டது. ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கிற நடை, பூட்ஸ் கால். அப்பா காலை ஷிஃப்ட் முடித்து ஏறி வரும் சத்தம் இப்படித்தான் இருக்கும். இசாகோ நின்ற இடத்திலேயே நின்றாள். ஓடவும் தோன்றவில்லை, கூப்பிடவும் தோன்றவில்லை. கம்பளித் தொப்பி ஒன்று வாசலில் எட்டிப் பார்த்தது.

“யாரு? அட, செய்ஜி பொண்ணா. பயமுறுத்திட்டியே. நான் திருடன்னு நெனச்சேன்.”

“திருட இங்க என்ன இருக்கு? நீங்க இங்க என்ன பண்றீங்க ரொக்குரோ மாமா?”

“விளக்கு மங்கலா தெரிஞ்சுது. பேட்டரி மாத்த வந்தேன்.” ரொக்குரோ விளக்கைக் கழற்றினார். “கிகுயே போனதிலேர்ந்து எதிர்ல ஒரே இருட்டு. என் ஜன்னலைத் திறந்தா சுரங்கத்துக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி இருக்குது. அவ வாயி பொல்லாததுதான், ஆனா அவ வீட்டு வெளிச்சத்துல ஒரு குத்தமும் கிடையாது. அதான் சாயங்காலம் இதை ஏத்தி வச்சுட்டுப் போய்ச் சாப்பிட உக்காருவேன். எதிர் வீட்டுலயும் அடுப்பு எரியுதுன்னு நெனச்சுக்கிட்டா சோறு இறங்குது.”

“எத்தனையோ வீடு காலியா கிடக்கு. ஏன் இந்த வீடு?”

“என் ஜன்னலுக்கு நேரா இருக்குறது இதுதானேம்மா.”

இசாகோ அதற்குமேல் கேட்கவில்லை. கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது. அது அவள் பதின்மூன்று வயதிலிருந்து தொண்டையில் நிற்கிற கேள்வி.

அந்த வருஷம் ஆழத்தில் வாயு வெடித்துத் தீப்பிடித்தது. மேலே வந்தவர்கள் வந்தார்கள். வராதவர்களில் அப்பா குதோ செய்ஜியும் ஒருவர். மீட்புப் படை போய்ப் போய்த் திரும்பியது. தீ அடங்கவில்லை. சில நாள் கழித்துக் கம்பெனி அதிகாரி வீடு வீடாக வந்தார். இவர்கள் வீட்டில் பாயில் நெற்றி படக் குனிந்தார். சுரங்கத்துக்குள் ஆற்றுத் தண்ணீரை விட்டால்தான் தீ அணையும், உள்ளே இருப்பவர்களின் குடும்பம் சம்மதிக்க வேண்டும் என்றார். அம்மா எழுந்தாள். அலமாரியிலிருந்து, கையெழுத்துக்குப் பதில் வைக்கிற முத்திரையை எடுத்து வந்து காகிதத்தில் அழுத்தினாள். குறித்த நேரத்தில் ஊர்ச் சங்கு ஊதியது. தெருவில் இருந்தவர்கள் நின்ற இடத்தில் தலை குனிந்தார்கள். இசாகோ அரிசி களைந்துகொண்டிருந்தாள். அம்மா வந்து குழாயைத் திருகி மூடினாள். மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதே இல்லை. அம்மா குழாயை நூல் போலத் திறந்து, பாத்திரத்தின் பக்கவாட்டில் சத்தமில்லாமல் வழிய விடுவாள். மாதக்கணக்கில் தண்ணீரை இறைத்துப் பெட்டிகளில் உடல்களை மேலே கொண்டுவந்தபோது யாரையும் திறந்து பார்க்க விடவில்லை. அப்பா எதனால் செத்தார் என்று இசாகோ அம்மாவிடம் கேட்டதில்லை. நெருப்பா, புகையா, தண்ணீரா? அந்தக் கேள்வி அவர்களுக்கு நடுவே சாப்பாட்டு மேஜை மாதிரி இருந்தது. இரண்டு பேரும் அதைச் சுற்றித்தான் நடந்தார்கள்.

புத்தாண்டு முடிந்து குளிர் இறுகியபோது மேல் பள்ளத்தாக்குக் குழாய் வெடித்தது. பிரிவுத் தலைவர் ஹதயாமா அவளைக் கூப்பிட்டார். மாகாணத் தலைமையகத்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர், ராத்திரியெல்லாம் தூங்காத கண்.

“ஆள் உயரப் பனிக்கு அடியில தோண்டணும் குதோ-சான். பள்ளிக்கூடக் குழாயும் உடைஞ்சு கிடக்கு. இருக்குறது ஒரே ஒரு குழு. நான் யாரைப் பாக்குறது?”

“பள்ளிக்கூடத்தைத்தான்.”

“அப்ப மேல வால்வை மூடணும். சென்பா-சான் கிட்ட சம்மதம் வாங்கிடுங்க. முத்திரை வைக்கலேன்னாலும் பரவாயில்ல. மனுஷன் தண்ணி இல்லாம எத்தனை நாள் இருப்பாரு? தானா இறங்கிடுவாரு.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் இசாகோவுக்குத் தாங்கவில்லை. காகிதத்தை வாங்காமல் எழுந்தாள். “இதை நான் எடுத்துட்டுப் போக மாட்டேன். ஆனா மேல போறேன்” என்றாள்.

ரொக்குரோ வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் பனிக்கட்டி உருகிக்கொண்டிருந்தது. குழாய் வராதது அவருக்கு முன்பே தெரியும். பூசணித் துண்டு வேகவைத்து வைத்திருந்தார். இசாகோ உட்கார்ந்தாள், சாப்பிடவில்லை.

“மாமா, ஒண்ணு கேக்குறேன். தண்ணி விட்டப்ப அவங்க உயிரோட இருந்தாங்களா?”

ரொக்குரோ சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

“நான் போன தூரம் வரைக்கும் யாரும் உயிரோட இல்ல. அதுக்கு அந்தப் பக்கம் எங்களால போக முடியல. முகமூடிக்குள்ள மூச்சே நெருப்பா இருந்துது. அந்தப் பக்கம் என்ன இருந்துதுன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய்யி.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். உங்கம்மாகிட்டயும் இதையேதான் சொன்னேன்.”

“அம்மாவா? அம்மா கேட்டாங்களா?”

“வருஷா வருஷம் அந்த நாள்ல வருவா. வாசல்லயே நின்னு கேப்பா. நானும் அதையே சொல்லுவேன். ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். ‘சரி’ன்னுட்டுப் போவா. கொஞ்ச நேரத்துல எதிர்ல அந்த ஜன்னல்ல விளக்கு எரியும். எரிஞ்சா சரி, இந்த வருஷமும் தாண்டிட்டான்னு நானும் படுப்பேன்.”

இசாகோ ஜன்னல் பக்கம் திரும்பினாள். பேச்சு வாக்கில் வெளியே முழுசாக இருட்டிவிட்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. ரொக்குரோ தொப்பியைத் தேடினார்.

“நீங்க இருங்க மாமா, நான் போய் ஏத்துறேன்” என்று அவள் எழுந்தாள்.

பனிப்பாதையைத் தாண்டிப் படியேறி விளக்கைப் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளைப் பள்ளத்துக்கு அப்பால், ரொக்குரோவின் ஜன்னலில் ஒரு நிழல் அசைந்தது. கையை உயர்த்திக் காட்டுகிறாரா, தொப்பியைக் கழற்றுகிறாரா என்று தெரியவில்லை. அவள் கையை உயர்த்தினாள். அம்மா நின்ற இடத்தில்தான் நிற்கிறோம் என்று அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் இசாகோ ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டரையும் படுக்கையையும் கட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

ஊரே சிரித்தது. இறக்குகிற வேலையில் இருப்பவளே ஏறிவிட்டாளாம். “அங்க எலிக்குக்கூட குளிர் தாங்காது, இவளுக்குப் புத்தி பிசகிடுச்சா?” என்று கீழே புது வீட்டிலிருந்து கிகுயே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்டபடியே ஒகுதாவிடம் ஊறுகாய் ஜாடி கொடுத்தனுப்பினாள். ஹதயாமா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்தக் கட்டடம் மூடின கட்டடம் குதோ-சான்” என்றார். “தெரியும். மூடினது நான்தான்” என்றாள் இசாகோ. அவர் பேருந்தில் தண்ணீர் கேன் ஏற்ற ஒகுதாவுக்கு அனுமதி கொடுத்தார்.

காலையில் இசாகோ பேருந்தில் வேலைக்கு இறங்குவாள். சாயங்காலம் அதே பேருந்தில் கேன்களோடு ஏறுவாள். ஒரு கேன் அவருக்கு, ஒரு கேன் அவளுக்கு. பிறகு இரண்டு ஜன்னலும் எரியும். அவரவர் வீட்டில் அவரவர் சாப்பாடு. அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பகலில் துணிச்சலாக இருந்தவளுக்கு, படுத்த பிறகு சுவர்களுக்குப் பின்னால் சத்தங்கள் கேட்டன. உறைந்து விரிகிற கான்கிரீட் சத்தம் என்று அறிவுக்குத் தெரியும். காலி வீடுகளில் யாரோ அலமாரியைத் திறந்து மூடுகிறார்கள் என்று காதுக்குத் தோன்றும். ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தாள். குழாயில் தண்ணீர் வந்து வாரக்கணக்கு ஆகியிருந்தது. குழாயைத் தொட்டாள். இறுக மூடியிருந்தது. சத்தம் நிற்கும்வரை கையை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் வந்து விளக்கைப் போட்டாள். எதிர் ஜன்னல் எரியவில்லை. சற்று முன் கேனை வாசலில் வைத்தபோது கதவைத் திறந்து முறைத்தவர்தான். தூங்கியிருப்பார் என்று நினைத்தாள். அரிசி வெந்தது. எதிர்ப்பக்கம் இருட்டாகவே இருந்தது. இசாகோ கோட்டுகூடப் போடாமல் ஓடினாள்.

ரொக்குரோ சமையலறைத் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது, ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது. சாயங்காலத்திலிருந்து பனி கொட்டிய மலைப்பாதைக்கு ஆம்புலன்ஸ் வர, பனி தள்ளும் வண்டி முன்னால் போக வேண்டும், நேரமாகும் என்றார்கள். இசாகோ ஒகுதாவுக்கு ஃபோன் பண்ணினாள். பணிமனையில் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி மறுபடி மேலே ஏறினார். இருவருமாக அவரைப் போர்வையில் கட்டிப் படிப்படியாக இறக்கி, தார்ப்பாயில் வைத்துப் பனியில் இழுத்துப் போய், காலிப் பேருந்தின் நடுவில் படுக்க வைத்தார்கள். வளைவுகளில் இசாகோ அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் ரொக்குரோ ஏதோ முனகினார். குனிந்து காதைக் கொடுத்தாள்.

“டிக்கெட்டு... எடுக்கல.”

“திரும்பி வர்றப்ப எடுத்துக்கலாம் மாமா” என்றார் ஒகுதா, கண்ணாடியில் பார்த்தபடி.

ரொக்குரோ பிழைத்துக்கொண்டார். இடது கைக்கு மட்டும் உயிர் திரும்பவில்லை. ஹதயாமா தானே பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் காகிதத்தை நீட்டினார். ரொக்குரோ வலது கையால் முத்திரை வைத்தார். வசந்தத்தில் கீழே வந்து சேர்ந்தார். இசாகோவும் படுக்கையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அவருக்குக் கிடைத்த வீட்டுக்கு நேர் எதிரே கிகுயே.

“ராத்திரி எல்லாம் டிவி போட்டு வைக்கிறா. எதிர்ல இருட்டே தேவலாம் போல” என்று இசாகோவிடம் முறையிட்டார்.

“என் வெளிச்சத்துலதான் இவரு மருந்தே தேடி எடுக்குறாரு, பேச்சைப் பாரு!” என்று எதிர்ப்பக்கமிருந்து பதில் வந்தது.

அடுத்த வரிசை வீடுகள் கட்ட வரைபடம் வந்தபோது சமையல் ஜன்னல்கள் எல்லாம் பின்பக்கம் மலையைப் பார்த்து இருந்தன. இசாகோ விடாப்பிடியாக நின்று, அவற்றை ஒன்றுக்கொன்று எதிராக மாற்றி வாங்கினாள். காரணம் கேட்டதற்கு, “யாருக்காவது உடம்பு முடியலேன்னா தெரியும்” என்று மட்டும் சொன்னாள்.

ஜூலையில் கிகுயே ஒரு புது வழக்கைக் கிளப்பினாள்.

“அடுத்த மாசம் ஓபோன் வருதே, அப்ப என்ன பண்ணப் போற?”

“என்ன பண்ணணும் பெரியம்மா?”

“செத்தவங்க வீட்டுக்கு வர்ற நாளாச்சே. எங்க வீட்டுக்காரன் எங்க வருவான்? நேரா பதினாலாம் நம்பருக்குத்தான் போவான். குடிகாரன், மத்த வழியே தெரியாது அவனுக்கு. பூட்டுன கதவைத் தட்டிக்கிட்டு நிப்பான். எங்களை இறக்கினியே, அவங்களை யார் இறக்குறது?”

சுற்றி உட்கார்ந்திருந்த கிழவர் கிழவிகள் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ரொக்குரோகூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று இசாகோவுக்குப் புரிந்தது. அலுவலகத்தில் இதற்கு ஒரு பிரிவும் கிடையாது. அவள் ஒகுதாவிடம் போய்ப் பேசினாள்.

ஓபோன் முதல் நாள் சாயங்காலம், நிறுத்திவிட்ட தடத்தில் அந்தக் கிழவர் கிழவிகளோடு பேருந்து மேலே ஏறியது. ஆளுக்கொரு காகித விளக்கு மடியில். பள்ளத்தாக்கில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. மான்கள் சாலையில் நின்று வண்டியைப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்தன. ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் வண்டி நின்றது. இறங்கினவர்கள் படிக்கட்டு வாசலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதினேழாம் கட்டடத்தின் கீழே கோலை ஊன்றி நின்ற ரொக்குரோ அண்ணாந்து கத்தினார்.

“ஏய், இறங்கி வா! வீடு மாத்தியாச்சு! குளியலறையெல்லாம் உள்ளயே இருக்கு!”

இசாகோ பதினான்காம் கட்டடத்தின் மூன்றாவது மாடி வரை ஏறினாள். கதவு வாசலில் விளக்கோடு நின்றாள். ‘அம்மா’ என்று சொல்ல வந்தது. ‘அப்பா’ என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வெகுநேரம் நின்றாள். உள்ளே எதுவும் அசையவில்லை. கடைசியில், “பஸ் நிக்குது. வாங்க” என்று மட்டும் சொன்னாள். படி இறங்கும்போது, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று விளக்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள்தான் கடைசி. ஒகுதா கதவை மூடப் போனார்.

“கொஞ்சம் இருப்பா” என்றாள் கிகுயே. “எங்க வீட்டுக்காரன் எப்பவும் லேட்டுதான்.”

ஒகுதா காத்திருந்தார். திறந்த கதவு வழியே புல்வாசனையும் பூச்சிச் சத்தமும் வந்தன. கொஞ்ச நேரம் கழித்துக் கிகுயே தலையசைத்தாள். கதவு மூடியது.

வண்டி இறங்கத் தொடங்கியதும் இசாகோ உட்கார இடம் தேடினாள். ஏறும்போது ஜோடி ஜோடியாக உட்கார்ந்து வளவளத்தவர்கள் இப்போது தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு இடம் காலி. கிகுயே பக்கத்தில் உட்காரப் போனாள்.

“ஆள் இருக்கு” என்றாள் கிகுயே, நகராமல்.

பின்னால் திரும்பினாள். ரொக்குரோ தன் பக்கத்து இருக்கையின் மேல் நல்ல கையை வைத்துக்கொண்டு, மன்னிக்கச் சொல்வது போலப் பார்த்தார். பாதிப் பேருந்து காலியாகத்தான் இருந்தது. இசாகோ மேலே தொங்கிய வாரைப் பிடித்துக்கொண்டு, கீழே ஊர் விளக்குகள் தெரிகிற வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.